தளவாய்புரத்து எண்ணெய்ச் சட்டி

குற்றாலத்துக்குப் போகிற பிரயாணிகள் ராஜபாளையத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறந்த நாள் தொட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போடுவது, பிறகு வலப்பக்கத்து ஜன்னலில் ஒட்டிக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையையே பார்த்துக்கொண்டு போவது என்று இவர்களுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. இடப்பக்கத்து ஜன்னலைப் பற்றி யாரும் கட்டுரை எழுதியதாக நமக்கு நினைவில்லை. தளவாய்புரத்தைப் பற்றியும் அப்படியே.

ராஜபாளையத்துக்குத் தெற்கே, தென்காசிச் சாலையிலிருந்து பிரிந்து சிறிது தூரம் சென்றால் இவ்வூரை அடையலாம். செட்டியார்பட்டி, முகவூர், சேத்தூர் எல்லாம் அக்கம் பக்கத்து ஊர்கள். தளவாய் என்றால் சேனைத் தலைவன் என்று பொருள். மதுரை நாயக்கர் ஆட்சியில் அது பெரிய பதவி. இன்றைக்கு அந்த ஊரில் கேட்பது சேனையின் ஆரவாரமன்று. தையல் இயந்திரத்தின் ஓசை. பெண்கள் வீட்டில் அணியும் 'நைட்டி' என்னும் உடையைத் தைத்து வெளியூர்களுக்கெல்லாம் அனுப்புவதில் இவ்வூர் பெயர் பெற்றிருக்கிறது. தெருவில் நடந்தால் திண்ணைக்குத் திண்ணை துணி மூட்டை. ஜன்னலுக்கு ஜன்னல் ஊசியின் கடகடப்பு.

சித்திரை, வைகாசியில் நேயர்கள் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் போவார்கள். பள்ளிக்கூடம் மூடியதும் நாம் தளவாய்புரத்துக்குப் போனோம். எதற்கு என்று கேட்டால் சொல்லச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது: பஜ்ஜி தின்பதற்கு.

கல்லூரியில் நம்மோடு வாசித்த நண்பர் ஒருவருடைய தமக்கையார் இவ்வூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். "கோடையிலே எங்க அக்கா வீட்டுப் பீர்க்கங்காய் பஜ்ஜியைத் தின்று பார்" என்று நண்பர் இருபது வருஷமாகச் சொல்லிக் கொண்டிருந்தார். பீர்க்கங்காயில் பஜ்ஜியா? நூறு பங்கில் 95 பங்கு தண்ணீராக உள்ள காய் அது. அதை மொறுமொறுப்பாகப் பொரிப்பதென்றால் குளத்தை வறுப்பது போலல்லவா? அந்தச் சந்தேகந்தான் நம்மைப் பஸ் ஏற்றியது.

இந்தச் சீமையைப் பற்றி முதலில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, இப்பால் வெறுங்காற்றாக இறங்கிவருகிறது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்றே இங்கு முக்கிய நம்பிக்கை. மலையடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் பசுமையாக இருக்கும். ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்தையும் பஞ்சவர்ணத்தையும் அறியாதவர் இப்பக்கத்தில் இல்லை. கிழக்கே போகப் போகக் கரிசல் மண்ணும் வறட்சியும்.

ஆனால் வறட்சியையே முதலாக வைத்துப் பிழைக்கக் கற்றுக்கொண்ட ஜனங்கள் இவர்கள். யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாகவே இருக்கிறது. சிவகாசியில் 1923-இல் தீப்பெட்டித் தொழில் தொடங்கி வேரூன்றியதற்கு மழை குறைந்த காய்ந்த காற்றும் ஒரு காரணம். மிளகாயை வெயிலில் காயப்போட்டு வற்றலாக்கி விற்றே விருதுநகர்ச் சந்தை பெயர் பெற்றது. சாத்தூரில் கடலை மாவைப் பிசைந்து எண்ணெயில் பிழிந்து காராச்சேவு ஆக்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலிலிருக்கும் தண்ணீரை அடுப்பிலே போக்கிப் பால்கோவா கிண்டினார்கள். அதற்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எல்லாவற்றிலும் தொழில் ஒன்றேதான்: தண்ணீரை வெளியேற்றுவது. தண்ணீருக்குத் தவம் கிடக்கும் ஜில்லாவில் தண்ணீரைப் போக்கும் வித்தை இவ்வளவு வளர்ந்திருக்கிறது!

தமக்கையார் வீட்டு மொட்டை மாடியில் இந்த வித்தையின் முதல் பாடத்தைக் கண்டோம். பழைய வேஷ்டியை விரித்து அதன் மேல் சீனியவரைக்காய் பரப்பியிருந்தது. சென்னைவாசிகள் கொத்தவரங்காய் என்று சொல்வது இதையேதான். உப்புத் தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து வடித்து வெயிலில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் நசுக்கிய சுண்டைக்காய். இதற்கு உப்பிட்ட மோர். இரவெல்லாம் மோரில் ஊறும். பகலெல்லாம் வெயிலில் காயும். மறுபடி மோர், மறுபடி வெயில். மோர் முழுவதும் காய்க்குள் போய்ச் சேரும் வரையில் இப்படியே நடக்கும். கீறிய மிளகாய்க்கும் இதே சிகிச்சை. கரண்டு இல்லை, காஸ் இல்லை. முக்கால் பொரியலைச் சூரிய பகவானே செய்துவிடுகிறார். மிச்சமுள்ள கால் பங்குக்கு எண்ணெய்ச் சட்டி பத்து விநாடி வேலை செய்தால் போதும்.

வற்றல் என்பது மெதுவாகச் செய்த பஜ்ஜி. பஜ்ஜி என்பது அவசரமாகச் செய்த வற்றல். கீழே சமையலறைக்கு வந்தபின் இது நமக்கு நன்றாக விளங்கியது.

அரிவாள்மணைக்கு முன்னால் பீர்க்கங்காய், கத்தரிக்காய், வாழைக்காய், இரண்டு பல்லாரி வெங்காயம். (பெல்லாரியிலிருந்து வந்ததால் பெரிய வெங்காயத்துக்குத் தென்பாண்டிச் சீமையில் பல்லாரி என்று பெயர். ஊர்ப்பெயரே காயின் பெயராகிவிட்டது.) அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறிவிட்டது, மாவு கரைத்தாகிவிட்டது, ஆனால் ஒரு காயும் நறுக்கப்படவில்லை. எல்லாக் காயையும் முதலில் நறுக்கி வைத்துக்கொள்வதுதானே சௌகரியம் என்று கேட்டோம்.

"வேண்டாம் தம்பி. நறுக்கிப் போட்டு உப்பக் கண்டுச்சுன்னா காய் அழுதுரும். அழுத காயை எண்ணெயில போட்டா எண்ணெயும் கூடச் சேர்ந்து அழும்" என்றார் தமக்கையார்.

இதைவிடச் சுருக்கமாக இரசாயன ஆசிரியர் எவரும் சொல்லியிருக்க முடியாது. உப்புப் பட்ட காயின் உள்ளே இருக்கும் நீர் வெளியே கசிகிறது. அந்த நீர் மாவை இளக்கிவிடும். மாவு காயைப் பற்றாமல் நழுவும். சட்டி சடசடவென்று வெடிக்கும். ஆகையால் பீர்க்கங்காயின் நரம்பைச் சீவி, வட்டமாக நறுக்கி, துணியால் ஒற்றி, அந்தக் கணமே மாவில் தோய்த்து அந்தக் கணமே எண்ணெயில் விட வேண்டும். கனம், இரண்டு ரூபாய் நாணயங்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்தாற்போல் இருந்தால் போதும். அதற்கு மேல் கனமானால் உள்ளே கஞ்சியாகிவிடும். குறைந்தால் காய் காணாமற் போய் வெறும் மாவு மிஞ்சும். கத்தரிக்காய்க்கும் ஏறக்குறைய இதே விதிதான். ஆனால் அது பஞ்சு போன்ற ஜாதி, எண்ணெயைக் கண்டால் குடிக்கப் பார்க்கும். மாவு அதை இடைவெளியின்றி மூட வேண்டும். வாழைக்காயோ சமர்த்துப் பிள்ளை. கறுத்துப் போகாமல் மோர்த்தண்ணீரில் போட்டு, எடுத்துத் துடைத்தால் வேறு தொந்தரவு கொடுக்காது.

மாவின் கணக்கைக் கேட்டெழுதிக்கொண்டோம். கடலை மாவு நாலு பங்கு, அரிசி மாவு ஒரு பங்கு, மிளகாய்த் தூள், காயம், உள்ளங்கையில் கசக்கிய ஓமம், உப்பு. கடலை மாவு தனியாக இருந்தால் பஜ்ஜி ஆறும்போது தோல் போல் தொய்ந்துவிடும். அரிசி மாவு சேர்ந்தால் மேலோடு காய்ந்து நொறுங்கும். எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுக் கரைத்தபின், காய்ந்த எண்ணெய் ஒரு கரண்டி ஊற்றிக் கலக்கினார். ஆப்ப சோடாவை எடுத்து நீட்டிய மருமகளிடம், "அது எதுக்கும்மா? பொசுபொசுன்னு வரும், எண்ணெயக் குடிக்கும்" என்று சொல்லித் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டார். சோடா மாவில் பொள்ளல் உண்டாக்குகிறது. பொள்ளலில் எண்ணெய் குடியேறுகிறது. ஐஸ் தண்ணீரில் மாவைக் கரைத்தால் மொறுமொறுப்பு வரும் என்று இக்காலத்தில் சிலர் உபதேசிக்கிறார்கள். அது கோதுமை மாவுக்குத் தகும். கோதுமையிலுள்ள பசைத்தன்மை குளிரில் மட்டுப்படும். கடலை மாவில் அந்தப் பசையே கிடையாது.

ஐஸ் தண்ணீர் ஜப்பான் தேசத்து வழக்கம். அங்கே 'டெம்புரா' என்ற பெயரில் காயையும் மீனையும் மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். 1543-இல் ஜப்பானில் இறங்கிய போர்த்துக்கீசியரிடமிருந்து அந்த வழக்கம் வந்ததென்று சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். அதே போர்த்துக்கீசியர் நமக்குக் கொண்டுவந்தது மிளகாய். அதற்கு முன் தமிழ்நாட்டு அடுப்பங்கரையில் காரம் என்றால் மிளகுதான். கப்பலேறி வந்த மிளகாய் தென்பாண்டிக் கரிசலில் வேரூன்றி, இப்போது நம் முப்பாட்டனார் காலத்துப் பயிர் போலக் காட்சியளிக்கிறது.

சட்டியில் ஒரு சொட்டு மாவை விட்டார். விட்ட மாவு அடியில் தங்காமல் உடனே எழும்பி வந்தது. "இப்ப சரி" என்றார். நம் பள்ளிக்கூடத்து உஷ்ணமானியை வைத்திருந்தால் 170-லிருந்து 180 டிகிரி வரை காட்டியிருக்கும். தண்ணீரோ 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். ஆகவே காயைப் போட்டதும் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழி குமிழியாக வெளியே பாய்கிறது. அது வெளியே பாய்கிற வரையில் எண்ணெயால் உள்ளே நுழைய முடியாது. வாசலில் கூட்டம் வெளியேறும்போது உள்ளே போக முயன்றவர்களுக்கு இது தெரியும். குமிழி அடங்கினால் நீர் தீர்ந்ததென்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு நொடியும் சட்டியில் வைக்கக் கூடாது. எண்ணெய் சூடேறாமல் இருந்தாலோ குமிழியில் வேகம் இருக்காது. காய் எண்ணெயில் குளித்துக்கொண்டு கிடக்கும்.

பஜ்ஜியில் எண்ணெய் பெரும்பாலும் ஏறுவது சட்டிக்குள்ளே அல்ல, வெளியே எடுத்த பிறகுதான் என்பது பலருக்குத் தெரியாது. ஆறும்போது உள்ளே தங்கிய ஆவி சுருங்குகிறது; அந்த வெற்றிடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே உறிஞ்சுகிறது. ஆகவே எடுத்தவுடன், சூட்டோடு, ஜல்லிக் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டி நன்றாக வடித்துவிட வேண்டும். தமக்கையார் தட்டிய தட்டு பக்கத்துத் தையல் இயந்திரத்தையும் மீறிக் கேட்டது. வடித்ததைப் பித்தளைத் தூக்கில் போட்டு மூடாமல், பனையோலைக் கொட்டானில் பரப்பினார். மூடினால் ஆவி திரும்பி விழுந்து மேலோடு நமத்துப் போகும். ஓலை காற்றை விடும்.

பீர்க்கங்காய் பஜ்ஜி எப்படியிருந்தது என்று சொல்லாமல் விட்டால் நேயர்கள் மன்னிக்க மாட்டார்கள். கடித்தபோது வெளியே அப்பளம் போல் நொறுங்கியது. உள்ளே காய் வெண்ணெய் போல் கரைந்து, அந்தக் கோடையிலும் தன் குளிர்ச்சியை விடாமல், ஒரு மெல்லிய தித்திப்பைக் கொடுத்தது. மாங்காய்த் துவையலைத் தொட்டுக்கொண்டோம். எண்ணிக்கையைக் கேட்க வேண்டாம்.

*

சட்டியில் இருந்தது செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய். நிலக்கடலையை வாங்கி, உடைத்து, ஆட்டக் கொடுத்து வாங்குவது அந்த வீட்டு வழக்கம். புது எண்ணெயைக் காய வைத்ததும் கோலியளவு புளியுருண்டை ஒன்றைப் போட்டுக் கரியவிட்டு எடுத்தெறிந்தார்கள். நுரை பொங்காமல் இருப்பதற்காம். செக்கெண்ணெய், சுத்திகரித்த எண்ணெயைவிடச் சீக்கிரம் புகையும். அடுப்பை எரியவிட்டு வெளியே போய் அரட்டையடிக்க முடியாது. பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

மதுரையிலிருந்து இவ்வூருக்கு வரும் சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னால், தே. கல்லுப்பட்டி இருக்கிறது. 1940-இல் நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமம் அங்கே உண்டு. கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்து காந்தியடிகளுக்குத் துணை நின்ற ஜே. ஸி. குமரப்பா தம் கடைசி வருஷங்களை அங்கேதான் கழித்தார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், காலமானார். 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை அவர் நடத்தியபோது, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்த்தல், கைக்காகிதம் இவற்றோடு செக்கெண்ணெயும் அச்சங்கத்தின் முக்கிய வேலைகளில் ஒன்றாக இருந்தது. செக்கு ஊரில் இருந்தால் ஆட்டுகிறவனுடைய கூலி ஊரில் தங்கும். பிண்ணாக்கு ஊர் மாட்டுக்குப் போகும். மாடு போடும் சாணம் ஊர் வயலுக்குப் போகும். கடலையை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு டின் எண்ணெயை வாங்குகிற ஊரில் இவை ஒன்றும் தங்குவதில்லை.

1937-இல் டால்டா என்ற பெயரோடு வனஸ்பதி நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. நெய் போல் உறைந்திருந்தது. நெய்யின் இடத்தைப் பிடித்தது. காந்தியடிகள் 1946-இல் 'ஹரிஜன்' பத்திரிகையில் அதைக் கண்டித்து எழுதினார். பட்டிக்காட்டுப் பிடிவாதம் என்று அப்போது நகைத்தவர்கள் உண்டு. எண்ணெயைச் செயற்கையாக உறைய வைக்கும்போது உண்டாகும் ஒருவகைக் கொழுப்பு இருதயத்துக்குக் கேடு என்பதைப் பின்னர் விஞ்ஞானிகள் கண்டார்கள். எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாதென்ற சட்டம் 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. எழுபத்தைந்து வருஷம் கழிந்து!

இன்று நிலைமை என்ன? இந்தியாவில் நாம் உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் அயல்நாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அதில் அதிகமாக வருவது இந்தோனேஷியா, மலேஷியா தேசங்களின் பாமாயில். ரேஷன் கடையில் அது லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. செக்கெண்ணெய் அதைப் போலப் பல மடங்கு விலை. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் தைக்கிற ஒரு குடும்பத்தைப் பார்த்து, "பாமாயிலைத் தொடாதே" என்று உபதேசம் செய்ய நமக்கு வாய் வரவில்லை. சூட்டைத் தாங்குவதில் அது மட்டமான எண்ணெயும் அன்று. எந்த எண்ணெயானாலும் எத்தனை நாள் காய்கிறது என்பதில்தான் நமக்குக் கவலை.

சாயங்காலம் நாலு மணிக்குத் தையல்கூடங்களில் தேநீர் வேளை. காலை முதல் மிதித்துக்கொண்டிருந்த பெண்களுக்குப் பசி. அடுப்பருகில் நின்று குமிழி பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது? ஆகையால் பஜ்ஜி கடையிலிருந்து வருகிறது. இது தளவாய்புரத்துக்கு மட்டும் உள்ள சங்கதியல்ல. திருப்பூரிலும் அப்படியே, சென்னையிலும் அப்படியே. வரும் வழியில் ஒரு பஸ் நிலையத்தில் நாமும் ஒரு பொட்டலம் வாங்கினோம். எண்ணெய் காப்பிக் கஷாயத்தின் நிறத்தில் இருந்தது. போட்ட பண்டத்தைச் சுற்றி நுரை சோப்புத் தண்ணீர் போல் பொங்கி அடங்க மறுத்தது. கடைக்காரர் தீர்ந்த அளவுக்குப் புதிது ஊற்றிக்கொண்டிருந்தாரே தவிர, பழையதைக் கொட்டவில்லை. இரண்டு கடிக்கு மேல் நம்மால் போக முடியவில்லை.

காய்ந்து காய்ந்து எண்ணெய் சிதைகிறபோது உண்டாகும் கழிவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்கு உபயோகிக்கக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் இருக்கிறது. அதை அளக்கக் கருவியும் உண்டு. தெருவோரக் கடைக்காரர் கருவிக்கு எங்கே போவார்? கருவி வேண்டாம், கண்ணும் மூக்கும் போதும். கறுத்துக் கெட்டியாகி, அடங்காமல் நுரைத்து, அடுப்பு லேசாக எரியும்போதே புகைந்து, மூக்கில் காந்தல் அடித்தால் அந்தச் சட்டியை விட்டு விலகி நடக்க வேண்டியதுதான். வாங்குகிறவர்கள் முகம் சுளித்துக் கேட்கத் தொடங்கினால் கடைக்காரரும் எண்ணெயை மாற்றுவார் என்றே நினைக்கிறோம். கேட்பதற்கு நம்மில் அநேகருக்குக் கூச்சமாக இருக்கிறது. தின்பதற்கு மட்டும் கூச்சமில்லை.

சில வருஷங்களாகத் தமிழ்நாட்டு நகரங்களில் 'மரச்செக்கு' என்று பலகை மாட்டிய கடைகள் மீண்டும் தோன்றுகின்றன. மாட்டுக்குப் பதிலாக மின்சார மோட்டார் சுற்றுகிறது. நல்ல காரியந்தான். பலகையை நம்பிப் பணம் கொடுக்காமல், உள்ளே போய்ச் செக்கு சுற்றுகிறதா, பக்கத்தில் பிண்ணாக்கு விழுகிறதா என்று பார்த்து வாங்குவது உத்தமம்.

தமக்கையார் வீட்டில் பொரித்து முடிந்ததும் மிச்ச எண்ணெய் ஏறக்குறைய ஒரு தம்ளர் இருந்தது. ஆறவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, அடியில் தங்கிய கருகலை அப்புறப்படுத்தி, ஒரு சிறு செம்பில் ஊற்றி வைத்தார். மறுநாள் கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்கு அதைத்தான் தாளித்தார்கள். அதோடு சரி. மறுபடி பொரிக்க அதைத் தொடுவதில்லையாம். சட்டியில் முதலிலேயே கொஞ்சமாக ஊற்றி, நாலு நாலாகப் பொரிப்பதன் காரணம் அப்போதுதான் நமக்கு விளங்கியது. நேரம் கூடுதலாகிறது, எண்ணெய் மிஞ்சுவதில்லை.

புறப்படும்போது, "தம்பி, ஊர்ல போய் மழை நாள்ல பொரிச்சுக்கோங்க" என்று சீனியவரை வற்றல் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மழை நாள் வரை பொறுக்குமா? வீட்டுக்கு வந்த அன்றே ஒரு பிடி பொரித்தோம். போட்டதும் வெளுத்துச் சிவந்து மேலே வந்தது; பத்து எண்ணி முடிப்பதற்குள் எடுத்தாயிற்று. குழந்தைகள் அதை எலும்பு கடிப்பது போல் கடித்துத் தீர்த்துவிட்டார்கள். மீதியை ஒரு டப்பாவில் போட்டு, ஐப்பசி என்று சீட்டு ஒட்டி, எட்டாத தட்டில் ஏற்றி வைத்திருக்கிறோம்.